கட்டிடக் குறிப்பும் கரியமில வாயுவும்

தச்சன் இடும் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பது போலப் புலவன் இயற்றும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்பது நன்னூலார் கருத்து. இவ்வுவமையைப் பாயிரத்திற் படித்துச் செல்லும் நாம், தச்சர்க்கும் கொத்தர்க்குமே உரியதாக எழுதப்படும் நூல் ஒன்று உண்டென்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. பொறியாளர் அதனை ஸ்பெசிபிகேஷன் என்பர். அரசாங்கக் காகிதங்களில் அது விவரக் குறிப்பு என்று வழங்கும். எத்தகைய சிமென்ட், எத்துணைக் கம்பி, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் நனைப்பு, எவ்வாறு சோதனை, சோதனையில் தவறினால் யாது தண்டம் என்பனவெல்லாம் அதன்கண் அடங்கும். வரைபடம் கட்டிடத்தின் உருவைக் காட்டுவது. விவரக் குறிப்போ அதன் உடலைத் தீர்மானிப்பது. ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்டபின் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் பணமாகும். ஒவ்வொரு சொல்லும் சுவராகும்.

இக்காலத்துக் காற்று வெப்பமேறி வருதலைப்பற்றிப் பேசாத மேடையில்லை, எழுதாத ஏடில்லை. நம் கல்லூரியிலும் ஆண்டுதோறும் மரம் நடுகின்றோம், உறுதிமொழி கூறுகின்றோம். அவை நல்லனவே. ஆயினும் கரியமில வாயுவை மிகுதியாக வெளிவிடாத பொருள்களைக் கொண்டே கட்டவேண்டும் என்னும் விதி, சொற்பொழிவோடும் சுவரொட்டியோடும் நின்றுவிடாது, மேற்கூறிய விவரக் குறிப்பினுள் எண்ணோடும் சான்றோடும் எழுதப்பெறல் வேண்டும் என்பதும், நம் கல்லூரி விரைவில் எழுப்பக் கருதுவதாகக் கேள்வியுறும் புதிய விடுதியிலேயே அது தொடங்கப்பெறல் வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் துணிபாகும். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இஃது எற்றுக்கு என்று வினவுவார்க்கு விடை பின்னர் வெளிப்படும்.

முதற்கண் பொருளின் இயல்பை நோக்குவோம். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறக்குறைய 1,450 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் சூளையிற் சுட்டால் கிளிங்கர் என்னும் கட்டி உண்டாகின்றது. அதனைச் சிறிது ஜிப்சத்தோடு அரைத்த பொடியே சாதாரண போர்ட்லண்டு சிமென்ட். லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் என்பார் 1824ஆம் ஆண்டில் போர்ட்லண்டு என்னும் பெயரால் இதற்கு உரிமை பெற்றார். ஒரு டன் கிளிங்கர் ஆக்குதற்கு ஏறக்குறைய 0.8 முதல் 0.9 டன் வரை கரியமில வாயு வெளிப்படுகின்றது. இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு சூளையில் எரியும் நிலக்கரியிலிருந்து வருவதன்று. சுண்ணாம்புக் கல்லினுள்ளேயே பல ஊழிகளாக அடங்கிக் கிடந்தது. கல் வெந்து சுண்ணமாகும்போது அது விடுபடுகின்றது. ஆதலின் சூளைக்கு நிலக்கரியை ஒழித்துக் கதிரவன் ஒளியாற் பெற்ற மின்சாரத்தையே கொடுத்தாலும் இப்பங்கு ஒழியாது. உலகில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 400 கோடி டன் சிமென்ட் செய்யப்படுகின்றது. மக்களின் தொழிலால் வானில் ஏறும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு இவ்வொரு பொருளால் உண்டாவது. உலகிற் சிமென்ட் செய்யும் நாடுகளுள் சீனத்திற்கு அடுத்து நிற்பது நம் நாடே.

எனவே கிளிங்கரைக் குறைத்தலே முதல் வழி என்பது தானே பெறப்படும். குறைத்தற்குரிய பொருள்களும் கிடைத்தற்கு அரியன அல்ல. அனல் மின்நிலையங்களில் எஞ்சும் நிலக்கரிச் சாம்பல் ஒன்று. அதனை நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை கலந்து சிமென்ட் செய்தற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1489 இடந்தருகின்றது. இரும்பு உலைகளில் எஞ்சும் கசடு மற்றொன்று. அதனை 25 முதல் 70 பங்கு வரை சேர்த்தற்கு ஐ.எஸ். 455 இடந்தருகின்றது. மூன்றாவது சுட்ட களிமண். களிமண்ணை 700 முதல் 850 பாகை வரை மட்டுமே சுட்டு, சுடாத சுண்ணாம்புக் கற்பொடியோடு சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கலாம். அவ்வாறு குறைத்தால் கரியமில வாயு ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு குறையும். சுவிட்சர்லாந்து, கூபா நாட்டு அறிஞரோடு சென்னை, தில்லி ஐ.ஐ.டி. ஆசிரியரும் கூடி ஆராய்ந்த இச்சிமென்டிற்கு 2023ஆம் ஆண்டில் ஐ.எஸ். 18189 என்னும் தரமும் வகுக்கப்பட்டது.

சுட்ட களிமண்ணைச் சாந்திற் சேர்த்தல் தமிழர்க்குப் புதிதோ? நம் முன்னோர் செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கியைச் சுண்ணாம்போடு குழைத்துக் கட்டினர். 1895இல் முடிவுபெற்ற முல்லைப் பெரியாற்று அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுந்ததே. நம் நாட்டுப் பழைய மிஷன் பள்ளிகளையும் கோயில்களையும் கட்டிய கொத்தர்க்கு இச்சாந்து கைவந்த கலையாயிருந்தது. அடுக்கு மாடிகளையும் பழஞ்சுண்ணாம்பாலேயே கட்டுக என்பது என் கருத்தன்று. அதனால் தாங்கவொண்ணாச் சுமைகள் இக்காலத்தில் உள. சுட்ட மண் கட்டிடத்திற்கு ஆகாது என்று அஞ்சுவார்க்கு முன்னோர் கையிருப்பைச் சுட்டிக்காட்டுதலே என் நோக்கம்.

பொருள் உண்டு, தரமும் உண்டு, அங்ஙனமாயின் தடை யாது? தடை பெரும்பாலும் எழுத்தில் உள்ளது. நம் நாட்டிற் கடைகளில் விற்கும் சிமென்டில் பெரும்பகுதி சாம்பற் கலப்புடையதே. வீடு கட்டுவோர் அறிந்தோ அறியாமலோ அதனையே வாங்குகின்றனர். ஆனால் பெரிய கட்டிடங்களின் விவரக் குறிப்புகள் பலவற்றில் மூவகைத் தடைகளைக் காணலாம். முதலாவது, பொருளின் பெயரையே விதியாக்கல். "53 தரச் சாதாரண போர்ட்லண்டு சிமென்டே பயன்படுத்தப்படும்" என்று ஒரு வரி இருக்குமாயின், அதனினும் நல்லதொரு கலப்புச் சிமென்டைக் கொணரும் ஒப்பந்தக்காரர் விதியை மீறியவராவர். இரண்டாவது, அளவை மிகுத்தல். இரும்புக் கம்பியிட்ட காங்கிரீட்டிற்கு ஐ.எஸ். 456 வேண்டும் மிகக் குறைந்த சிமென்ட், சூழலின் கடுமைக்கேற்ப ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 360 கிலோ வரை ஆகும். சாம்பல் முதலிய சேர்க்கையும் அக்கணக்கில் அடங்கும். இவ்வளவிற்கு மேலும் ஐம்பது நூறு கிலோவை, "இருக்கட்டும்" என்னும் எண்ணத்தால் ஏற்றி எழுதுவாருண்டு. மிகுந்த சிமென்ட் மிகுந்த வலிமை என்பது பொதுமக்கள் நம்பிக்கை. ஓர் எல்லைக்கு மேல் அது வெப்பத்தையும் விரிசலையுமே மிகுவிக்கும். மூன்றாவது, காலத்தைக் குறுக்கல். கலப்புச் சிமென்ட் மெல்ல இறுகும் இயல்பினது. அடித்தளம் போன்ற உறுப்புகள் முழுச்சுமையைத் தாங்கப் பல மாதங்கள் ஆகும். அவற்றின் வலிமையை 56ஆம் நாளிற் சோதித்தாலும் இழுக்கில்லை. அங்ஙனமிருக்க எல்லா உறுப்புகட்கும் 28 நாள் என ஒரே கோலால் அளந்தால், விரைவில் இறுகுதற்பொருட்டே வேண்டாத கிளிங்கரைக் கொட்டவேண்டி வரும்.

இத்தடைகளை எவரும் தீய எண்ணத்தால் எழுதினாரல்லர். விவரக் குறிப்புகள் பெரும்பாலும் பழைய படியைப் பார்த்துப் புதிய படி எழுதப்படுவன. ஏடு பெயர்த்தெழுதியவர் ஓரிடத்துச் செய்த பிழை வழிவழி வந்து பாடமாகவே நிலைபெற்றதைப் பதிப்பாசிரியர் உழைப்பால் நாம் அறிகின்றோம். கட்டிட நூலிலும் அங்ஙனமே நிகழ்கின்றது. சாம்பலின் தரம் நிலைபெறாதிருந்த காலத்தில் ஒருவர் அச்சத்தால் எழுதிய ஒரு வரி, அவ்வச்சத்திற்குக் காரணம் ஒழிந்தபின்னும் படியிலிருந்து படிக்குத் தாவி வாழ்கின்றது. சுவடிகளை ஒப்புநோக்கித் திருத்துவார் அதற்கு இல்லாமையே குறை.

இனி, எழுத்தால் மாற்றம் உண்டாகும் என்பதற்குப் பிற நாட்டுச் சான்றுகள் சில காட்டுவேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சார்ந்த மரின் கவுண்டி என்னும் மாவட்டம் 2019இல் காங்கிரீட்டிற்கு ஒரு விதி வகுத்தது. அதன்படி, கட்டுவோர் இருவழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். காங்கிரீட்டின் வலிமைக்கேற்ப வரையறுத்த சிமென்ட் அளவைக் கடவாதிருத்தல் ஒரு வழி. வரையறுத்த கரியமில வாயுவின் அளவைக் கடவாதிருத்தல் மற்றொரு வழி. எப்பொருளைக் கொண்டு அவ்வெல்லைக்குள் நிற்பது என்பது அவரவர் திறமைக்கு விடப்பட்டது. கலிபோர்னியா அரசாங்கமோ 2017இலேயே ஒரு சட்டம் இயற்றி, அரசாங்கக் கட்டிடங்கட்கு வாங்கும் கட்டுமான எஃகு, காங்கிரீட்டுக் கம்பி, தட்டைக் கண்ணாடி, கனிமக் கம்பளப் பலகை என்னும் நான்கிற்கும் எல்லை வகுத்தது. அவ்வெல்லைகள் 2022 ஜனவரியில் எண்களாக வெளிவந்தன; அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலிருந்து ஒப்பந்தங்களில் நடைமுறைக்கு வந்தன. சட்டத்திற்கும் நடைமுறைக்கும் இடையே ஐந்தாண்டு கழிந்தமை கருதத்தக்கது. ஆலையோர் தம் பொருளின் கணக்கை எடுத்து வெளியிடுதற்கு அக்காலம் வேண்டியிருந்தது. டென்மார்க்கு நாடு 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக்கட்டிடங்கட்கு, ஐம்பதாண்டு வாழ்வைக் கணக்கிட்டு, ஆண்டொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 12 கிலோ என்று எல்லையிட்டது. 2025இல் அதனை மேலும் இறுக்கிற்று. முதலில் எளிதாக எட்டத்தக்க எல்லை. பின்னர் நாளடைவில் இறுக்கம். இதுவே அவர்கள் கையாண்ட முறை.

நம் நாடும் இத்துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1999 செப்டம்பரில் மைய அரசாங்கத்துச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிலக்கரிச் சாம்பலைப்பற்றி ஓர் ஆணை பிறப்பித்து, அனல் மின்நிலையங்களைச் சூழ்ந்த 50 கிலோமீட்டர் எல்லைக்குள் செங்கல் முதலியன செய்வோர் சாம்பலைச் சேர்த்தே செய்யவேண்டும் என்றது. பின்னர் வந்த திருத்தங்கள் அவ்வெல்லையைப் படிப்படியாக விரித்தன. அவ்வாணையின் முதல் நோக்கம் சாம்பல் மேடுகளைக் கரைத்தலே. ஆயினும் ஓர் எழுத்து, கழிவைக் கட்டிடப் பொருளாக்கிய வரலாறு அது. 2024 டிசம்பரில் எஃகு அமைச்சகம் பசுமை எஃகிற்கு இலக்கணம் வகுத்தது. ஒரு டன் எஃகிற்கு வெளிப்படும் கரியமில வாயு 2.2 டன்னிற் குறைந்தால் அது பசுமை எஃகு, 1.6 டன்னிற் குறைந்தால் ஐந்து விண்மீன் பெறும். ஆகவே, "பசுமை எஃகு எது?" என்று கேட்டு நம்மைத் திகைக்கச் செய்வார்க்கு இன்று விடையுண்டு. விவரக் குறிப்பில் அதனை எடுத்து எழுதுதலே எஞ்சி நிற்பது.

எழுதுதல் என்றேன். இங்கேதான் தமிழ் மாணாக்கர் வாய்திறத்தற்கு உரிமை பெறுகின்றனர். ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என இலக்கண நூலார் வகுத்தனர். அவற்றுட் சிலவற்றைக் கட்டிட விதிக்குப் பொருத்திப் பார்ப்போம். "இயன்றவரை சூழலுக்கேற்ற பொருள்களைப் பயன்படுத்தவும்" என்று ஒரு வரி வரைவார் பலர். எவ்வளவு, எதனால் அளப்பது, யார் பார்ப்பது என்னும் மூன்றும் அதில் இல்லை. ஆதலின் அது குன்றக் கூறல். "இயன்றவரை" என்ற ஒரு சொல்லே போதும், விதி முழுவதையும் விழுங்கிவிட. ஒரு பக்கத்தில் "கலப்புச் சிமென்ட் விரும்பத்தக்கது" என்றும், மறுபக்கத்தில் "சாதாரண போர்ட்லண்டு சிமென்டே" என்றும் வருமாயின் அது மாறுகொளக் கூறல். வழக்கு மன்றத்தில் இரண்டாவது வரியே வெல்லும். "பசுமைப் பொருள்" என்று பொருள் வரையறையின்றி எழுதுதல் மயங்க வைத்தல். பச்சை வண்ணம் பூசியவரும் பங்குக்கு வருவர். காகிதத்தில் விதியிருந்தும் அதனை மீறினாற் பணம் பிடிக்கும் வழி கூறாவிடின் அது நின்று பயனின்மை. பாயிரத்திற் கற்ற இக்குற்றங்களைத் தேர்வு எழுதியபின் மறந்துவிடுகின்றோம். ஆனால் கோடிக்கணக்கான பணத்தையும் காற்றையும் ஆள்வது இவையே.

வினைமுற்றும் கவனிக்கத்தக்கது. வியங்கோள் வாழ்த்தற்கும் வரும், வைதற்கும் வரும், வேண்டற்கும் வரும், விதித்தற்கும் வரும். "பயன்படுத்துக" என்று எழுதினால், வேண்டுகின்றோமா, விதிக்கின்றோமா? பெறுவோர் தமக்கு எளிதானதையே பொருளாகக் கொள்வர். ஆகையால் விவரக் குறிப்பில் வேண்டலும் விதித்தலும் தம்முள் மயங்காதவாறு எழுதுதல் இன்றியமையாதது. "ஒப்பந்தக்காரர் பயன்படுத்தல் வேண்டும், தவறின் அப்பகுதிக்குப் பணம் கொடுக்கப்படாது" என்று முடியுமாயின் அங்கே மயக்கமில்லை.

அங்ஙனமாயின் நல்ல விதியின் உறுப்புகள் யாவை? பொருளின் பெயரைச் சுட்டாது பயனைச் சுட்டல் முதலாவது: இவ்வலிமை, இத்துணை நாளில், உப்பு நீரை இவ்வளவு தாங்கும் ஆற்றல், ஒரு கன மீட்டருக்கு இத்துணைக் கிலோவிற்கு மேற்படாத கரியமில வாயு என்று நான்கையும் ஒருங்கே கூறல். சான்று கேட்டல் இரண்டாவது: ஆலையோர் தாமே புகழ்ந்து கூறுவதை ஏலாது, ஐ.எஸ்.ஓ. 14025 என்னும் உலகத் தரத்தின்படி மூன்றாமவர் ஒருவர் சரிபார்த்த சூழற் கணக்கறிக்கையைக் கேட்டல். அது கிடைக்காத சிறு ஊர்களில் கலவையின் பட்டியலையும் சிமென்ட் மூட்டையின் தரக்குறியையும் கொண்டு பொறியாளரே கணக்கிடல். எண்ணை அளவறிந்து இடல் மூன்றாவது: அவ்வட்டாரத்திற் கிடைக்கும் பொருளை முன்னரே உசாவி, எட்டத்தக்க எல்லையை இட்டுப் பின்னர் இறுக்கல். ஒப்பந்தம் கோருமுன்பே கூறல் நான்காவது. விலை பேசி முடித்தபின் சேர்க்கும் விதிக்கு ஒப்பந்தக்காரர் இரட்டிப்பு விலை கேட்பது இயல்பே.

இதனை மறுப்பார் கூறுவனவற்றையும் நேர்மையாக ஆராய்தல் கடன். கட்டிடத்தின் உறுதி குறையும் என்பர் ஒருசாரார். தரமான சாம்பலும் முறையான நனைப்பும் இருப்பின் கலப்புக் காங்கிரீட் நாளடைவில் வலுவிற் குறைவதில்லை. கடலின் உப்பு கம்பியை அரித்தலைத் தடுப்பதில் அது சாதாரணச் சிமென்டினும் மேம்பட்டது. சென்னை முதல் குமரி வரை கடலோரத்தில் வாழும் நமக்கு இஃது ஓர் ஊதியமே. ஆனால் "முறையான நனைப்பும்" என்ற சொற்களை விழுங்கிவிடலாகாது. சாதாரணச் சிமென்டிற்கு ஏழு நாள் நனைப்புப் போதும் என்னும் ஐ.எஸ். 456, கலப்புச் சிமென்டிற்குப் பத்து நாளேனும் வேண்டும் என்கின்றது. வெயில் கடுமையான இடங்களில் இன்னும் மிகுதியாக நனைத்தலைப் பரிந்துரைக்கின்றது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள கோடையில் சித்தாளை மூன்றாம் நாளே வேறு வேலைக்கு அனுப்பிவிடும் மேஸ்திரியிடம் இச்சிமென்ட் தோற்கும். அப்போது பழி சிமென்டின்மேல் விழும். ஆகையால் வாயுவைக் குறைக்கும் வரியை எழுதுவோர் நனைப்பு நாளைக் கூட்டும் வரியையும், அதற்குரிய கூலியையும் தண்ணீரையும் உடன் எழுதவேண்டும். ஒன்றை எழுதி மற்றொன்றை விடுவது கட்டிடத்திற்கும் கேடு, கருத்திற்கும் கேடு.

காலம் நீளும், அதனாற் செலவு ஏறும் என்பர் மற்றொருசாரார். மேல்தளத்தின் முட்டுப் பலகைகளைச் சில நாள் தாழ்த்தே பிரிக்க நேரும் என்பது உண்மையே. அதற்கு ஈடாகக் கலப்புச் சிமென்ட் பெரும்பாலும் விலை குறைந்தது. விரைவு வேண்டும் உறுப்புகட்கு ஓர் எல்லை, பொறுக்கத்தக்க உறுப்புகட்கு வேறோர் எல்லை எனப் பகுத்து எழுதினால் இவ்விடர் பெரிதும் நீங்கும். நிலக்கரி நிலையங்கள் நாளை மூடப்பட்டாற் சாம்பலுக்கு எங்கே போவது என்பாரும் உளர். இது தக்க வினாவே. இதனால் தான், விதியிற் சாம்பலின் பெயரை எழுதாது வாயுவின் எல்லையை எழுதுக என்கின்றேன். சாம்பல் அற்ற நாளில் சுட்ட களிமண் அவ்விடத்தை நிரப்பும், விதி மாறவேண்டுவதில்லை.

ஒரு விடுதியால் உலகத்து வெப்பம் தணியுமோ என்று நகைப்பார்க்கு ஒரு கணக்குக் காட்டுவேன். எடுத்துக்காட்டாக, 500 கன மீட்டர் காங்கிரீட் வேண்டும் கட்டிடம் ஒன்றைக் கொள்வோம். கன மீட்டருக்கு 350 கிலோ எனச் சிமென்ட் 175 டன் ஆகும். அது முழுதும் சாதாரணச் சிமென்டாயின் ஏறக்குறைய 150 டன் கரியமில வாயு வெளிப்படும். நூற்றுக்கு 30 பங்கு சாம்பல் கலந்ததாயின் ஏறக்குறைய 100 டன். சுவர் ஒன்றே, உயரம் ஒன்றே, அறைகளும் ஒன்றே. ஒரு வரி எழுத்தால் 50 டன் அளவு வாயு வானேறாது நின்றது. நாம் ஆண்டுதோறும் நடும் மரக்கன்றுகள் எல்லாம் பிழைத்து வளர்ந்து இவ்வளவை ஈர்த்தற்கு எத்தனை ஆண்டு செல்லும் என்று எண்ணிப் பார்க்க. மேலும், விவரக் குறிப்பு படியிலிருந்து படிக்குத் தாவுவது என்று முன்னர்க் கூறினேன். தீமை அவ்வாறு தாவுமாயின் நன்மையும் தாவும். நம் விடுதிக்கு எழுதிய நல்ல வரியை அடுத்த பள்ளிக்கூடம் எடுத்தாளும். அதனை ஒரு மருத்துவமனை எடுத்தாளும்.

கிறிஸ்தவ நிலையங்கட்கு இதில் தனிக்கடன் ஒன்று உண்டென்று கருதுகின்றேன். உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் வீடு கட்டுவோர்க்கு ஒரு கட்டளை வருகின்றது. புதுவீடு கட்டுவோன் மெத்தைக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும். கட்டாதுவிட, ஒருவன் விழுந்து இறந்தால் அவ்விரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். விழுவோன் வீட்டுக்காரனல்லன், வந்து போகும் எவனோ ஒருவன். இன்னும் வராத, பெயர் தெரியாத அவ்வொருவனுக்காக, கல்லும் சாந்தும் செலவிட்டுச் சுவர் எழுப்புக என்று மறைநூல் கட்டிட விதியாகவே எழுதி வைத்தது. அன்பை உபதேசித்ததோடு அமையாது அதனைச் சுவராக வரையறுத்த அந்நுட்பம் வியக்கத்தக்கது. நோவாவின் பேழைக்கும் மரம் இன்னது, நீளம் இத்தனை முழம், உள்ளும் புறமும் பூசுவது இன்னது என்று விவரக் குறிப்பே கொடுக்கப்பட்டதன்றோ? உயிர்கள் காக்கப்பட்டது அக்குறிப்பை வழுவாது செய்தமையால்.

நம் காலத்துக் கைப்பிடிச் சுவர் யாது? 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேற் பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையில் வீடிழந்தோர் பலர். ஒரு மழையை ஒரு சிமென்ட் மூட்டையின்மேற் சுமத்துதல் அறிவுடைமை ஆகாது. ஆயினும் காற்று ஒரு பாகை வெப்பமேறினால் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக நூலிற் காணும் உண்மை. தாங்கியதை ஒருநாள் அது கொட்டும். கொட்டுமிடத்தில் வாழ்வோர் மாடிவீட்டுக்காரர் அல்லர். நாம் கட்டும் விடுதியில் ஒருநாளும் தங்காத உப்பளத் தொழிலாளியும், அவர் மக்களும் அவ்விடத்தில் இருப்பர். அவர்க்காக எழுப்பும் கைப்பிடிச் சுவர், விவரக் குறிப்பில் எழுதும் ஒரு வரியே.

ஆகவே கல்லூரி ஆட்சிக் குழுவினர்க்குப் பணிவோடு விண்ணப்பிப்பது இது: புதிய விடுதிக்கு ஒப்பந்தம் கோருமுன், சிமென்டின் பெயரை ஒழித்து வாயுவின் எல்லையை எழுதுவியுங்கள், அடித்தளத்திற்கு 56 நாட் சோதனைக்கு இடந்தாருங்கள், நனைப்பு நாளைக் கூட்டி அதற்குரிய கூலியைத் தனியே குறியுங்கள், இரும்புக்கு எஃகு அமைச்சகத்தின் தரச்சான்றைக் கேளுங்கள், வேலை முடிந்தபின் எவ்வளவு குறைந்தது என்னும் கணக்கை, குறையாவிடினும் மறையாது, இம்மலரிலேயே அச்சிடுங்கள். பொறியாளராகவும் ஒப்பந்தக்காரராகவும் நாடெங்கும் விளங்கும் பழைய மாணவர்கள், நன்கொடையோடு தம் அறிவையும் தருவாராக. ஆசிரியரும் மாணாக்கரும் அக்குறிப்பை ஒருமுறையேனும் வாங்கிப் படிப்பாராக. அங்கே கணக்கைச் சரிபார்க்க விஞ்ஞான மாணவர் உளர்; சொல்லைச் சரிபார்க்க யாம் உளேம்.

எழுத்து அறிவித்தவன் இறைவனாகும் என்று கருதும் நாட்டில் பிறந்தோம். எழுதியது கட்டிடமாகி நூறாண்டு நிற்கும். எழுதாதது காற்றிற் கலந்து அதனினும் நெடுங்காலம் நிற்கும். இரண்டனுள் எது நம் பெயரால் நிற்கவேண்டும் என்பதை ஒப்பந்தம் கோருமுன்னரே தீர்மானிப்போமாக.